மைனாக்கள் நடத்திய கண் முகாம்

மைனாக்களின் நற்பணி மன்றம் உச்சி வெயிலில் இலவசக் கண் முகாம் நடத்தியது. மன்றத்தில் புதிதாகச் சேர்ந்த சுண்டெலிக்குப் பெருமை தாங்கவில்லை. நெஞ்சில் பேட்ஜ் குத்திக்கொண்டு அங்குமிங்கும் ஓடியது.

முகாமுக்கு ஆள் சேரவில்லை. மரத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஆந்தையை எழுப்பி இழுத்து வந்தார்கள். எதிரே நீட்டிய பழம்கூட அதற்குத் தெரியவில்லை.

"வெயில் கூசுதுங்க. சாயந்தரம் வரட்டுமா?" என்றது ஆந்தை.

"சாயந்தரம் எங்களுக்குக் கண் தெரியாதே, ஐயா!" என்றார் தலைவர் மைனா.

பார்வை முழுசாகப் போய்விட்டது என்று முடிவு செய்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி, பொன்னாடை போர்த்தி, கைத்தடியும் கொடுத்தார்கள். சாப்பாடும் பாராட்டுரைகளும் முடியவே பொழுது சாய்ந்துவிட்டது.

"சுண்டெலி, ஐயாவைப் பத்திரமா வீட்டுல விட்டுட்டு வா."

"தலைவரே, இவரு ஆந்தையாச்சே..."

"கண்ணு தெரியாதவரைப் பார்த்துப் பேசுற பேச்சா இது? நீயெல்லாம் சேவைக்கு வந்துட்டே!"

சுண்டெலி வெட்கத்தில் கூனிக் குறுகிப்போனது. கைத்தடியின் நுனியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தது. "குழி இருக்கு, ஐயா, பார்த்து வாங்க," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனது.

நன்றாக இருட்டிவிட்டது. பின்னால் தட்டுத் தடுமாறி வந்த காலடி ஓசை சட்டென்று நின்றது. சுண்டெலி திரும்பிப் பார்த்தது. ஆந்தை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, பக்கத்து முள்செடியில் பதமாக மாட்டிக்கொண்டிருந்தது.

"தம்பி," என்றது ஆந்தை அன்பாக, "உன் மீசையில ஒரு சோத்துப் பருக்கை ஒட்டியிருக்கு பாரு."