காலி டேங்க்

பழைய பிக்கப் வண்டியின் கேபினுக்குள் அக்கா குந்தியிருக்கிறாள். துருவை வெட்டியெடுத்த தரையில் புதுத் தகட்டை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்திருக்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னால், சீட் கழற்றிய இடத்தில், பெட்ரோல் டேங்க். "நேத்தே வடிச்சிட்டேன்க்கா, சொட்டு கிடையாது. சும்மா பயந்து சாவாத," என்று சொல்லிவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் தம்பி முகமூடியை இறக்கி வெல்டிங்கைத் தொடங்குகிறான். தகட்டின் விளிம்பில் நீல வெளிச்சம் ஓடுகிறது. பொறிகள் உள்ளே தெறித்து அவள் செருப்பருகே அணைகின்றன. பெட்ரோல் வாசம் மட்டும் குறையவே இல்லை. ஒரு கையை எடுத்துப் பின்னால் துழாவுகிறாள். டேங்கின் வாயில் மூடி இல்லை. பழந்துணியை அடைத்து வைத்திருக்கிறான். துணியைத் தொட்ட விரல்கள் பெட்ரோல் ஈரத்தில் சில்லிடுகின்றன. சொட்டு இல்லாவிட்டால் என்ன, டேங்க் முழுக்க பெட்ரோல் ஆவி; வெடிக்க ஒரு பொறி போதும். தகட்டை எட்டி உதைக்கிறாள். அது சரிய, வெளிச்சம் அணைகிறது. "என்னக்கா, கை சுட்டுடுச்சா?" கீழேயிருந்து சிரிப்பு வருகிறது. "இல்லடா," என்கிறாள், ஈர விரல்களைத் துடைத்தபடி. "குளிருது."