முதுகுக்கு ஏத்த சைக்கிள்

"டிஸ்க் ஆபரேஷன் ஆன முதுகு. அதுக்கு ஏத்த மாதிரி ஒரு சைக்கிள் வேணும்ணா."

கடைக்காரன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். இருபத்தைந்து வயதிருக்கும்.

"அடப்பாவமே! பார்த்தா சின்னப் பொண்ணா இருக்கீங்க?"

"எட்டு மாசம் ஆச்சு. மெதுவா ஓட்டலாம்னு டாக்டர் சொல்லிட்டார். ஆனா ஒண்ணு, முதல் நாளே வலிச்சுதுன்னா அவ்வளவுதான். இருக்கிற ஆசையும் போயிடும். அப்புறம் கட்டிலே கதி."

"என்கிட்ட வந்துட்டீங்கல்ல, கவலைய விடுங்க!"

அவனுக்குச் சைக்கிள் என்றால் உயிர். வாய் ஓயாது. குனிந்து ஓட்டும் ரேஸ் சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டி அவளை ஏறச் சொன்னான். அவள் கண்ணை மூடிக்கொண்டு மிதித்தாள்.

"இழுக்குதா?"

"இது இழுக்கும். அடிமுதுகுலேர்ந்து இடது கால் வரைக்கும்."

"அப்ப ஹேண்டில்பாரை ஏத்திருவோம்."

"ஒரேயடியா நிமிர்ந்து உக்காந்துட்டா வலிக்காதுல்ல?"

"அங்கதான் எல்லாரும் ஏமாறுறாங்க! விறைப்பா நிமிர்ந்தா, ரோட்டுக் குழியெல்லாம் நேரா முதுகெலும்புல வந்து இடிக்கும். லேசா முன்னால சாயணும். கையும் கொஞ்சம் பாரம் வாங்கணும்."

அடுத்த சைக்கிளில் டயர் மெலிசு, அதிரும் என்றாள். அதற்கடுத்ததில் குறுக்குக் கம்பி உயரம்.

"காலை இவ்ளோ தூக்க முடியாதுண்ணா."

"இப்பத்தானே தாவி ஏறினீங்க?"

"காலையில எழுந்ததும் முடியாது."

"சரிதான்! இந்த முதுகைத் திருப்திப்படுத்துறதுக்கு ஒரு மாமியாரைத் திருப்திப்படுத்திரலாம் போல!"

அவள் சிரிக்கவில்லை.

கடைசியில் ஒன்று அமைந்தது. தாழ்ந்து சரிந்த கம்பி, தடித்த டயர். ஹேண்டில்பாரை அவன் விரற்கடை விரற்கடையாக நகர்த்தி வைத்தான். அவள் தெருக்கோடி வரை ஓட்டி, வேண்டுமென்றே இரண்டு பள்ளத்தில் இறக்கி ஏற்றித் திரும்பி வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"இது வலிக்காதுண்ணா."

"பார்த்தீங்களா! முதுகுவலின்னு யார் வந்தாலும் நான் வெறுங்கையோட அனுப்ப மாட்டேன்."

அவள் வாசல் பக்கம் திரும்பி, "வாம்மா" என்றாள்.

அவள் உயரமே இருந்த ஒரு பெண்மணி, இடுப்பில் இறுக்கிய பெல்ட்டோடு ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். அறுபதை ஒட்டிய வயது. கடைக்காரன் அவரை அடையாளம் கண்டுகொண்டு ஓரடி பின்வாங்கினான்.

"எங்க ரெண்டு பேருக்கும் ஒரே அளவு உடம்பு. அதான் நான் ஏறிப் பார்த்தேன்" என்றாள் அவள்.

அம்மா சீட்டை மெல்லத் தடவிப் பார்த்தார்.

"போன வாரம் ஒரு சைக்கிளைக்கூடத் தொட விடாம, 'பேசாம ஒரு ஈஸிசேர் வாங்குங்க ஆன்ட்டி'ன்னு சிரிச்சு அனுப்பிட்டீங்களே தம்பி... இன்னைக்கு ஏறிப் பார்க்கலாமா?"