பாதி டோஸ்

கணக்கு ஐம்பத்தொன்று என்று வந்தது.

மருத்துவமனை மருந்தகத்தில் அப்போது அவள் மட்டும்தான் இருந்தாள். எதிரே மேசையில் அக்காவின் மருந்துச் சீட்டு. ரத்தத்தில் பூஞ்சைத் தொற்று. தினமும் முழு டோஸ் என்று டாக்டர் எழுதியிருந்தார்.

அந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். சிறுநீரகம் சோர்ந்திருந்தால் உடம்பிலேயே தங்கிச் சேர்ந்துவிடும். வயது, எடை, ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் போட்டுப் பார்த்து, விடை ஐம்பதுக்குக் கீழே போனால் முதல் நாள் மட்டும் முழு டோஸ், மறுநாளிலிருந்து பாதி. இந்த விதியைச் சுவரில் எழுதி ஒட்டியவளே அவள்தான். முதல் டோஸில் கை வைக்காதீர்கள் என்று பயிற்சி டாக்டர்களைப் பிடித்து உலுக்காத நாளில்லை.

ஐம்பத்தொன்று. அப்படியானால் டாக்டர் எழுதியது சரி. கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டியதுதான்.

பேனா நகரவில்லை.

சீட்டில் வயது ஐம்பத்தேழு என்று இருந்தது. அதை நம்பித்தான் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டிருந்தது. பாவம், அதற்கு என்ன தெரியும்?

அறுபது என்று மாற்றினாள்.

நாற்பத்தொன்பது.

அம்மா படுத்த படுக்கையாக இருந்த வீடு அது. இவளை இடுப்பில் தூக்கி வைத்து வளர்த்ததே அக்காதான். அதனால் அக்கா பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. இவளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க அப்பா கூட்டிப்போன அன்று, அக்காவின் பாவாடையைப் பிடித்த பிடியை இவள் விடவேயில்லை. தெருவே திரும்பிப் பார்க்கும்படி அழுகை.

பள்ளி அலுவலக வாசலில் அக்கா அப்பாவின் காதில் ஏதோ சொன்னாள்.  அப்பா உள்ளே போய் அதை அப்படியே சொன்னார். எழுதிக்கொண்டவர் அக்காவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பெண்ணுக்கு வளர்த்தி ஜாஸ்தி என்று சிரித்தார்.

அன்றிலிருந்து பள்ளி முடியும்வரை ஒரே பெஞ்சு. ஒரே பென்சிலை உடைத்து ஆளுக்குப் பாதி. பன்னைப் பிய்த்தால் பெரிய பாதி எப்போதும் இவளுக்குத்தான்.

ஒரே ஒரு நிபந்தனை. பள்ளிக்கூடத்துக்குள் 'அக்கா' என்று வாய் திறக்கக் கூடாது. தெரிந்தால் அக்காவை வெளியே அனுப்பிவிடுவார்கள். தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

மணி அடித்ததும் இவள் தெருவுக்கு ஓடிவந்து, அக்கா, அக்கா, அக்கா என்று அன்றைக்குச் சேர்த்துவைத்ததையெல்லாம் கொட்டித் தீர்ப்பாள். 

அக்கா இன்றுவரை அந்தப் பொய்யை விட்டுக்கொடுக்கவில்லை. நேற்று வார்டில் நர்ஸ் வயதைக் கேட்டபோதுகூட, காய்ச்சலில் வாய் குழறியபடி ஐம்பத்தேழு என்றாள். சொல்லிவிட்டு இவளைப் பார்த்து ஒரு முறை முறைத்தாள். அந்த முறைப்புக்கு இவள் நேற்றும் அடங்கித்தான் போனாள்.

சத்தியமா, அக்காவின் சிறுநீரகமா?

போனை எடுத்தாள். முதல் டோஸ் அப்படியே இருக்கட்டும், நாளையிலிருந்து பாதியாக்குங்கள், சீட்டில் இருக்கும் வயதோடு மூன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள் என்று டாக்டரிடம் சொன்னாள்.

"பிறந்த தேதி கார்டுலயே இருக்கே மேடம். அது தப்புன்னு எப்படிச் சொல்றீங்க?"

மருந்தகத்தில் வேறு யாருமில்லை. ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவ எனக்கு அக்கா, டாக்டர். அந்தத் தேதி என்னோடது."