எண் 2190

திசுத் துண்டுகளை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, ஸ்லைடில் ஏற்றுவது அவள் வேலை. இருபது வருடமாகியும் அவள் சீவினால் மெழுகு சற்று இடப்பக்கம் சாய்ந்தே இருக்கும். "இது அக்கா கைவரிசை" என்று லேபில் கிண்டலடிப்பார்கள்.

அன்று தட்டில் ஒரு ஸ்லைடு அதிகமாக இருந்தது. எண் 2190. பதிவேடோ இன்னும் 1877ஐத் தாண்டவில்லை. தேடிப் பார்க்கத் தெம்பில்லாமல் லேப் டாக்டரம்மாவிடம் நீட்டினாள். அவர் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்.

"சினைப்பையில புற்றுநோய். நல்லவேளை, மேலுறை கிழியல. யாருதும்மா இது? சீக்கிரமே கண்டுபிடிச்சிட்டாங்க, புண்ணியவதி."

அவளுக்கு மூன்று மாதமாக வயிறு உப்பிக்கொண்டிருந்தது. இரண்டு வாய் சாப்பிட்டாலே நிறைந்துவிடும். வாயுதான் என்று தள்ளிப்போட்டு வந்தவள், ஏனோ அன்று மாலையே ஸ்கேன் எடுத்தாள். பிறகு ரத்தப் பரிசோதனை, அறுவை சிகிச்சை, மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றுவது என்று மாதங்கள் ஓடின. முடியெல்லாம் கொட்டியது.

தலையில் துணி கட்டிக்கொண்டு அவள் வேலைக்குத் திரும்பிய அன்று, அவள் இடத்தில் சீவிக்கொண்டிருந்த இளம்பெண் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, உங்க சினைப்பை நம்ம லேபுக்குத்தான் வந்துச்சு. நான்தான் மெழுகுல பதிச்சேன். நம்பர்..."

"2190" என்றாள் அவள், அலுப்புடன்.

"ஆமாக்கா. மறுநாள் சீவலாம்னு எடுத்தா, யாரோ ஏற்கெனவே ஒரு தடவ சீவியிருக்காங்க." பெண் குரலைத் தாழ்த்தினாள். "இடப்பக்கம் சாஞ்சிருந்துச்சுக்கா."