நிறம் மாறாத கவர்

டாக்டர் கையை நீட்டினார். நடுக்கம் என்று எல்லாரும் கூப்பிடுகிற பெண் கருவியைக் கொடுக்கவில்லை.

மறுபடியும் நீட்டினார். அப்போதும் கொடுக்கவில்லை. கையில் கருவி இருந்த கவரை வைத்துக்கொண்டு, நட்டுவைத்த கம்பு மாதிரி நின்றாள். நாற்காலியில் ஒரு பெரியவர் ஆவென்று வாயைத் திறந்தபடி காத்திருந்தார்.

“போச்சு. இன்னிக்கு இவ காலி,” என்றாள் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்ற பட்டாசு. உள்ளே பேசுவது எதுவும் இங்கே கேட்காது.

ரெண்டு பேரும் பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர் பயிற்சிக்கு வந்தவர்கள். ஒருத்திக்குக் கருவியைத் தொட்டாலே கை நடுங்கும், அதனால் நடுக்கம். இன்னொருத்தி வாயைத் திறந்தாலே வெடிப்பாள், அதனால் பட்டாசு. காலியாக இருந்த வேலை ஒன்றே ஒன்று.

கிருமித் தடுப்பு சொல்லிக்கொடுக்கிற கிளவுஸ் அக்கா முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார். “தெரியாமப் பண்ணாலும் தப்பு தப்புதான். மூணாவது தப்புல பையைத் தூக்கிட்டுக் கிளம்பிடணும். கிருமிக்கு மன்னிப்பு கின்னிப்பெல்லாம் தெரியாது.”

பட்டாசு ஏற்கெனவே ரெண்டு பண்ணியாகிவிட்டது. ஒருத்தர் வாயில் வைத்த கிளவுஸோடு இழுப்பறையைத் திறந்தது ஒன்று. இன்னொரு நாள் கிளவுஸோடு மூக்கைச் சொறிந்தது ஒன்று. நடுக்கத்தின் மேல் ஒரு புகாரும் கிடையாது. “எதையாவது தொட்டாத்தானே தப்பு வரும்?” என்று பட்டாசு நக்கல் அடிப்பாள்.

நக்கலுக்குப் பின்னால் பயம்தான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். இங்கே சேரும்போதே அண்ணன் சொல்லியனுப்பினான். “இதையும் விட்டுட்டு வந்தேன்னா வீட்டுப் படி ஏறாதே.”

உள்ளே டாக்டரின் முகம் சிவந்துகொண்டிருந்தது. நடுக்கம் கவரைத் தூக்கி அவர் கண்ணுக்கு நேராகக் காட்டினாள். கவரின் ஓரத்தில் இருந்த கோடு ரோஸ் நிறம்.

பட்டாசு கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டாள்.

ஸ்டெரிலைசருக்குள் போய் ஆவியில் வெந்த கவர் என்றால் அந்தக் கோடு பழுப்பாக மாறியிருக்கும். ரோஸாகவே இருந்தால், யாரோ ஒருத்தர் வாயிலிருந்து வந்து, வெறுமனே கழுவியதோடு நிற்கிற கருவி என்று அர்த்தம். அதைப் போய் இன்னொருத்தர் வாயில் வைப்பதா?

ஆனால் ரோஸ் கவர் எப்படி வந்தது? காலையில் இழுப்பறையை அடுக்கியதே பட்டாசுதான். அதில் வர வாய்ப்பே இல்லை.

சட்டென்று பொறி தட்டியது. பொறியேதான். கடைசி வாரத்தில் அக்கா ரகசியமாக ஏதாவது பொறி வைப்பார் என்று இங்கே முன்பு பயிற்சி எடுத்த ஒருத்தி சொல்லியிருந்தாள். அக்காதான் நைஸாகச் செருகியிருக்கிறார். டாக்டர் கோபப்படுவதெல்லாம் சும்மா நடிப்பு.

அப்படியென்றால் நடுக்கம் பாஸ். வேலையும் அவளுக்கு. பட்டாசுக்கு வயிறு பற்றி எரிந்தது.

உள்ளே அக்கா ஓடிவந்தார். இழுப்பறையைத் திறந்து பார்த்துத் தலையில் கை வைத்தார். டாக்டர் கவரை ஆட்டி ஆட்டி என்னவோ கேட்டார். நடுக்கத்தின் வாய் ஒரே ஒரு தடவை அசைந்தது. உடனே டாக்டரின் விரல் வாசலைக் காட்டியது.

என்னமா நடிக்கிறார்கள் எல்லாரும்!

நடுக்கம் உடை மாற்றும் அறைக்கு வந்து, அழுதுகொண்டே பையை எடுத்தாள். பட்டாசு வாசலை மறித்து நின்றாள்.

“பூனை மாதிரி இருந்துட்டு பாலைக் குடிச்சிட்டியேடி.”

“என்ன சொல்றே?”

“அழுவுறதை நிறுத்து. அது டெஸ்ட்னு உனக்கு முன்னாடியே தெரியும், இல்ல?”

“டெஸ்டா?”

“அக்காதானே அந்தக் கவரைச் செருகினாங்க. எனக்குத் தெரியாதா? போ, வேலை கிடைச்சிருச்சுன்னு வீட்டுல போய்ச் சொல்லு.”

நடுக்கம் மூக்கை உறிஞ்சினாள். “லூசு. உயிரோட ஒரு மனுசரை உட்கார வெச்சு, அழுக்குக் கருவியைக் கொடுத்து யாராவது டெஸ்ட் வைப்பாங்களா? தப்பித்தவறி அவர் வாய்க்குள்ள போயிருந்தா?”

பட்டாசுக்குச் சுருக்கென்றது. பெரியவர் என்று ஒருத்தர் அங்கே இருந்ததே இவ்வளவு நேரம் அவள் மண்டையில் ஏறவில்லை.

“அப்போ எப்படி அது அங்க வந்துச்சு?”

“காலையில ஸ்டெரிலைசர் பக்கத்துல ரெண்டு தட்டு இருந்துச்சே. வெந்தது ஒண்ணு, வேகவேண்டியது ஒண்ணு. நீ எதை எடுத்துட்டுப் போய் அடுக்கினே?”

பட்டாசு யோசித்தாள். அவசரம். போனில் பேசிக்கொண்டே எடுத்தது. கோட்டையெல்லாம் யார் பார்த்தது?

“இழுப்பறை முழுக்க ரோஸ்தான். நல்லவேளை, அந்தப் பெரியவர்தான் இன்னிக்கு முதல் ஆள். அக்கா இப்போ எல்லாத்தையும் எடுத்து மறுபடி வேக வைக்கிறாங்க.”

பட்டாசு நமுத்துப்போனாள். அண்ணன் முகம் கண்முன் வந்து நின்றது.

“யார் அடுக்கினதுன்னு டாக்டர் கேட்டாரா?”

“கேட்டார்.”

“நீ என்ன சொன்னே?”

நடுக்கம் பையைத் தோளில் மாட்டினாள். கை இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

“நான்தான்னு சொன்னேன். எனக்கு இது முதல் தப்புதானே, திட்டி அனுப்பிட்டாங்க, நாளைக்கு வரலாம். உனக்கு மூணாவதுடி.”