மாமியாருக்கு ஏசி ரூம்

"ஏசி ரூம்தான் வேணும். எங்க மாமியாருக்குச் சூடு துளிகூட ஆகாது" என்றார் பப்பாளித் தோட்டக்காரர்.

லாட்ஜ் மேனேஜர் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். மேனேஜரின் தலைக்கு மேலே, 'அறைகளில் சரக்கு வைக்கக் கூடாது - உரிமையாளர்' என்று ஒரு போர்டு. அதைப் பார்க்காமல் இருக்கத் தோட்டக்காரர் படாத பாடு பட்டார்.

வாசலில் நின்ற வேனில் மாமியார் இல்லை. முப்பது பெட்டி பப்பாளி இருந்தது. ஊரில் இருந்த ஒரே குளிர்பதனக் கிடங்கில் டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டது. பழம் ஏற்ற வேண்டிய லாரியோ, உடைந்த பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு, நாளை மறுநாள்தான் வருமாம். காயில் மஞ்சள் ஒரு கோடு விழுந்திருந்தால் பழம் வாங்கும் கம்பெனிக்காரன் எடுப்பான். ரெண்டு கோடு விழுந்தால் திருப்பிவிடுவான். இந்த வெயிலில் விட்டால் ஒரு வருஷப் பாடு மொத்தமும் குப்பைக் குழிக்குத்தான்.

"அவங்களுக்கு என்ன உடம்புக்கு?" என்று மேனேஜர் பேனாவை எடுத்தார். "நேத்துலேர்ந்து நீங்க ஆறாவது ஆளு. இந்த வாரம் எல்லார் வீட்டுலயும் பெரியவங்களுக்கு முடியலை போல."

"வெயில் அப்படிங்க."

"நடப்பாங்களா?"

"இல்லீங்க. தூக்கிட்டுத்தான் போகணும்."

"எடை எவ்வளவு இருக்கும்?"

தோட்டக்காரருக்கு வியர்த்தது. "எதுக்குங்க?"

"லிஃப்ட் பழசு."

"அறுநூ..." என்று ஆரம்பித்தவரின் காலை, பக்கத்தில் நின்ற மனைவி நறுக்கென்று மிதித்தாள். "அறுபது கிலோ" என்று முடித்தார்.

"தோல்ல புள்ளி கிள்ளி ஏதாவது?"

"சேச்சே! பளபளன்னு இருக்கும்... இருப்பாங்க."

"நல்லது. மத்தவங்களுக்குப் பரவிடக் கூடாது பாருங்க." மேனேஜர் சாவி எடுக்கத் திரும்பினார்.

மனைவி பல்லைக் கடித்தாள். "பொய்தான் சொல்றதுன்னு ஆச்சு, உங்கம்மாவைச் சொன்னா ஆகாதா? எங்கம்மா இந்த வயசுலயும் கிணத்துல தண்ணி இறைக்கிறாங்க."

"சும்மா இரு. எங்கம்மாவுக்கு நிஜமாவே ஏதாவது ஆயிட்டா?"

"அப்போ எங்கம்மாவுக்கு ஆனா பரவாயில்லையா? இருக்கு உங்களுக்கு. நீங்க ரெண்டு நாளும் வேன்லயே படுத்துக்கோங்க."

மேனேஜர் சாவியை நீட்டினார். "நான் டீ குடிச்சிட்டு வர அரை மணி நேரம் ஆகும். லிஃப்டை நம்பாதீங்க. பின்பக்கப் படிக்கட்டு நல்ல அகலம். மாமியாரை அந்த வழியாவே ஏத்திடுங்க."

இப்படியும் ஒரு அப்பாவியா என்று தோட்டக்காரருக்குச் சிரிப்பு முட்டியது.

அரை மணி நேரத்தில் முப்பது பெட்டியும் மாடி ஏறின. யார் கண்ணிலும் படாமலிருக்க, அறையில் இருந்த போர்வையெல்லாம் பெட்டிகள் மேல். கட்டிலில் பத்து, கட்டிலுக்கு அடியில் எட்டு, மேஜையில் நாலு, மிச்சம் ஜன்னலோரம். ஏசியைப் பதினாறில் வைத்தார். குளிர்ந்த காற்று முகத்தில் பட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு காயைச் சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்துப் பார்த்தார். இன்னும் ஒரே கோடுதான்.

"பொழைச்சோம்" என்றாள் மனைவி, நடுங்கிக்கொண்டே. போர்வை எல்லாம் பப்பாளிக்குப் போய்விட்டது.

கதவு தட்டப்பட்டது. தோட்டக்காரர் தலை நுழையும் அளவுக்கு மட்டும் திறந்தார். மேனேஜர்தான்.

"மாமியார் இப்பத்தான் கண் அசந்தாங்க" என்று கிசுகிசுத்தார் தோட்டக்காரர்.

"தூங்கட்டும், தூங்கட்டும்" என்று மேனேஜரும் குரலைத் தணித்துக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். இந்தக் கதவைத் திறந்து போட்டுடாதீங்க. எதிர் ரூம்ல ஒருத்தரோட பெரியப்பா, நாற்பது தார் வாழைப்பழம். அந்தக் காத்து பட்டுச்சுன்னா உங்க மாமியார் நாளைக்கே பழுத்துடுவாங்க."