விடை கடைசியில்

மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினாள்.

போன வருடப் பாதுகாப்பு வகுப்பில் பலகையில் வாயு அளவு எண்களை எழுதிப் போட்டாள். மாணவர்கள் தூங்கினார்கள்.

இந்த வருடம் கேள்வியில் தொடங்கினாள்.

“சாயப்பட்டறைக் கழிவுத் தொட்டி. மூடியத் திறந்ததும் அழுகின முட்டை நாத்தம். கொஞ்ச நேரத்துல நாத்தம் போயிடுச்சு. உள்ள இறங்கலாமா?”

கடைசி வரிசையில் தங்கதுரை எழுந்தான். வகுப்பில் வாயே திறக்காதவன்.

“இறங்கலாம் மேடம். நாத்தம் போறவரைக்கும் மேலயே நிக்கணும். போனதும் இறங்கிறலாம்.”

“மாப்ள, நீ இறங்கிப் பாத்தியா?” என்றான் முன்னால் இருந்த ஒருவன்.

அரங்கம் சிரித்தது.

“நான் இல்ல” என்று முனகி உட்கார்ந்தான்.

யார் என்று அவள் கேட்கவில்லை. இந்தத் தப்பான விடைதான் அவளுக்கு வேண்டியிருந்தது. கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகியபோதே அதற்கு இடம் விட்டு வைத்திருந்தாள்.

“பாக்கலாம். விடை கடைசியில.”

வேலை செய்தது. ஒருத்தரும் போனை எடுக்கவில்லை.

இவர்களில் பாதிப் பேர் நாளை ஆலைகளில் மேற்பார்வை பார்ப்பார்கள். இறங்குடா என்று கையைக் காட்டப்போவது இவர்கள்தான். அதற்காகத்தான் இத்தனை பாடு.

அடியில் கிடக்கும் சேறு மிதிபடுவதைச் சொன்னாள். அதிலிருந்து வாயு கிளம்புவதைச் சொன்னாள். விழுந்தவனைத் தூக்க இறங்கியவனை. அவனைத் தூக்க இறங்கியவனை. குரலை ஏற்றினாள், இறக்கினாள். முன்வரிசையில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மணி அடிக்கப் போகிற நேரம். பேச்சை நிறுத்தினாள். எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

அதுவும் பழகியதுதான்.

“நாத்தம் எங்கயும் போகல. வாயு ஏற ஏற, நம்ம மூக்குதான் முதல்ல சாகுது.”

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

தங்கதுரை தட்டவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டுக் கத்திக்கொண்டிருந்தான்.

“சித்தப்பா, அப்பாவ இறங்க வேண்டாம்னு சொல்லுங்க!”

கைதட்டல் வரிசை வரிசையாக நின்றது.

“ஏன் கண்ணு? நாத்தமெல்லாம் போயிருச்சு. நல்லா நின்னு பாத்துட்டு அண்ணன் இப்பத்தான் எறங்குனாரு.”

போனில் அவர் யாரையோ கூப்பிடுவது கேட்டது. மறுபடியும் கூப்பிட்டார்.

“சத்தத்தையே காணோம். இரு, எறங்கிப் பாக்கறேன்.”

மைக்கை அவள் இன்னும் வாயருகிலேயே பிடித்திருந்தாள்.

அவள் மூச்சு அரங்கம் முழுக்கக் கேட்டது.